அம்மா ஈப்போவில் சொன்னது

என் அப்பாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா ஒரு நாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. அவள் வாயில் வராத பெயர் என் பேனாவில் மட்டும் எதற்கு வரவேண்டும்? 'அவன்' என்று எழுதத்தான் எனக்குக் கை வருகிறது. அம்மா இருந்திருந்தால் அதற்கும் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன். அந்த மரியாதை அம்மாவுக்கு.

மலாயாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கினார்கள். மூத்த மகள் எனக்குப் பத்து வயது இருக்கலாம். பிறந்த தேதியை எழுதி வைக்க கூலிகளின் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் யாருக்கு நேரம் இருந்தது? தங்கச்சி கைக்குழந்தை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் ஆள் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜொகூரில் வேலை இருக்கிறது என்று சொல்லி ஆள் சேர்க்க ஒரு கங்காணி வந்தார். அப்பா அவரோடு கிளம்பினார்.

"ரெண்டு மாசந்தான். அப்புறம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார்.

வீட்டில் இருந்த ஒரே கம்பளியையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்துக்குப் போகிறவருக்குக் கம்பளி எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. நான் கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. அவர் கையால் நான் வாங்கிய கடைசி அடி அதுதான்.

முதல் இரண்டு மாதம் வந்துபோகிறவர்கள் கையில் ஏதோ கொடுத்தனுப்பினார். பிறகு அது நின்றது. அதற்குப் பதிலாகச் சேதி வரத் தொடங்கியது. "அவரு அங்க ஒருத்தியோட இருக்காராம்" என்று ஒருவர் வந்து சொன்னார். "அவளுக்கு மாசமாம்" என்று இன்னொருவர். கெட்ட சேதி சொல்ல வருகிறவர்கள் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும் பாருங்கள், அதை நான் அந்த வயதிலேயே தெரிந்துகொண்டேன். அம்மா கேட்டுக்கொண்டே பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவாள். தீட்ட வேண்டிய அவசியம் இல்லாதபோதும் தீட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் நான் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றோம், மறுநாளும் அதையே தின்றோம். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், வாய்த் துடுக்கு அதிகம், மனசு நல்லது. அவர்தான் முதலில் சொன்னார்.

"இப்படியே எத்தன நாளைக்குக் கெழங்க அவிச்சுக்கிட்டு இருப்ப? ஈப்போவுல லேபர் ஆபீஸ் இருக்கு. தொரைகிட்ட மனுக் குடு. புள்ளைங்களுக்குச் சோறு போடச் சொல்லிக் கேளு. சும்மாவா பெத்தாரு?"

"அவரு ஜொகூர்ல இருக்காரேக்கா."

"ஜொகூர் என்னா, கடலுக்கு அந்தாண்டயா இருக்கு? ரயிலு போற எடந்தானே."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் யாரும் எதையும் உள்ளபடி கேட்க மாட்டார்கள். தலைவலி, ஒரு நாள் லீவு வேண்டும் என்றால் கிடைக்காது. சாகக் கிடக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கூரை ஒழுகுகிறது என்றால் யாரும் வர மாட்டார்கள், பிள்ளைகள் மேல் கூரை விழப்போகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் இருக்க வேண்டும். துரைக்கும் அது தெரியும், கணக்கு எழுதும் கிராணிக்கும் தெரியும். நாங்கள் கூட்டிச் சொல்வோம், அவர்கள் கழித்துக் கேட்பார்கள். இப்படித்தான் எங்கள் காலம் ஓடியது. தோட்டத்துக்கு வெளியே அந்தக் கழித்தல் நடக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். ஈப்போவில் கடைகளுக்கு முன்னால், கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில், ஒரு சின்ன மேசை போட்டு மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, காலில் செருப்பு இல்லை. அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இங்கிலீஷில் எழுதினார். இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"'மூணு நாளா அடுப்பு எரியல'ன்னு போட்டிருக்கேன்."

"எரியுதுங்கய்யா. கெழங்கு அவிக்கிறேன்."

"கெழங்கெல்லாம் தொரைக்கு எதுக்கும்மா?" என்றார். மறுபடி எழுதினார். "'இந்த ரெண்டு புள்ளைங்களையும் வச்சுக் காப்பாத்த எனக்குச் சத்தி இல்ல. எஜமான் கைவிட்டா நாங்க மூணு பேரும் செத்துப்போவோம்.' எப்படி இருக்கு?"

அம்மா கொஞ்சம் தயங்கினாள். "நான் காப்பாத்திக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அழுதாத்தான் தொரை படிப்பாரு. இல்லாட்டி ஓரமா வச்சிருவாரு. நீ ஒண்ணும் பயப்படாதம்மா, சூசா இல்லலா, ஒரு கஷ்டமும் வராது. நான் எத்தன மனு எழுதியிருக்கேன்."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். எப்போதும் அப்படித்தானே கேட்போம்! மை தடவி அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்தினார். வருஷக்கணக்காகப் பால் பட்டு, கத்தி பட்டு, அவள் விரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. வெறும் கறுப்பு வட்டம் விழுந்தது. "இன்னும் அழுத்தும்மா" என்றார். மூன்றாவது தடவைதான் கோடு தெரிந்தது. அந்த மனு எழுதியவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை. அவரும் எங்களை மாதிரிதான், தெரிந்த வழியில்தான் கேட்டார் என்று புத்தி சொல்கிறது. கோபத்துக்குப் புத்தி கிடையாது.

லேபர் ஆபீஸில் வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் நின்றிருந்தார். நாங்கள் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொல்வதுதான் அவர் வேலை. "புருஷன் பேரு?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். அந்த ஆள் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார், இவள் இங்கே அவர் ஆயுசைக் காபந்து பண்ணிக்கொண்டு நிற்கிறாள்! இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டு அந்தத் தமிழர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அம்மா தங்கச்சியின் தலைமுடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"நாம இருக்கறது பேரா சீமை. அவரு இருக்கறது ஜொகூர். அது வேற சீமை, வேற சுல்தான்" என்றார் அந்தத் தமிழர். "நம்ம தொரை அங்க இருக்கற தொரைக்கு எழுதுவாரு. அவங்க கூப்பிட்டு விசாரிச்சுப் பதில் எழுதணும். நாளாகும்."

நாளாகத்தான் ஆனது. தினமும் சாயங்காலம் தோட்டத்து ஆபீஸ் பக்கம் போய் நின்று பார்ப்பேன். பதில் வந்தால் அரிசி வரும் என்று நினைத்தேன். ஒரு நாள் தோட்டத்துக் கிராணி அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். கையில் பழுப்பு உறை. அவர் ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் முதலில் பயம் வந்தது.

"பொறுப்பு எடுத்துக்க உன் வீட்டுக்காரரு ரெடியாம்" என்றார். "நீயும் ஜொகூருக்கு வந்தா எல்லாரையும் வச்சுக் காப்பாத்துறாராம். வர இஷ்டம் இல்லன்னா, மூத்தத மட்டும் அனுப்பணுமாம். கைப்புள்ள உன்கிட்டயே இருக்கட்டுமாம்."

"நான் அனுப்பச் சொல்லிக் கேக்கலியேய்யா. சோத்துக்குத்தானே கேட்டேன்."

"உன்னால காப்பாத்த முடியலன்னு நீதானே எழுதிக் குடுத்திருக்க? அதத்தான் அவங்க எடுத்துச் சொல்றாங்க. அடுத்த மாசம் ஈப்போவுல விசாரண. அவரும் வராரு. புள்ளையக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கு."

அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது. வலிக்கிறது என்று சொன்னால் விட்டுவிடுவாளோ என்று நான் சொல்லவில்லை.

லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பன்தானே கூப்பிடுகிறான், புலியா கூப்பிடுகிறது என்றார்கள். ஒரு வாய் குறையும் என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். பக்கத்து வீட்டு அக்காதான் உள்ளதைச் சொன்னார். "அவளுக்குப் புள்ள பொறந்திருக்கு. தூக்கி வச்சுக்க ஆளு வேணும். இதுக்கும் பத்து வயசாச்சு, களையெடுக்கப் போட்டா அரைச் சம்பளம். கங்காணி சொல்லிக் குடுத்திருப்பான்." பிறகு என்னைப் பார்த்து, "எவ பெத்த புள்ளைக்கோ எவ கையில அடி வாங்கப் போறியோ" என்று மூக்கைச் சிந்தினார். நான் அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தேன். குறைவாகத் தின்றால் என்னை வைத்துக்கொள்வது அம்மாவுக்குச் சுலபம் என்று நினைத்தேன். அதைப் பார்த்த அம்மா, போவதற்கு ஏங்கித்தான் இது சாப்பிட மாட்டேன் என்கிறது என்று நினைத்திருக்கிறாள். பாவி, வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

விசாரணை நாள் வந்தது. ஈப்போவுக்கு முன்னால் லகாட் பக்கம் ரயில் போகும்போது இரண்டு புறமும் ஈயம் தோண்டிய பள்ளங்கள். வெள்ளை மணல், நடுவில் பச்சைத் தண்ணீர் குளம் குளமாக நிற்கும். ஸ்டேஷனில் வண்டி நின்றது. அம்மா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சியை இறுக்கி அணைத்திருந்தாள்.

"எறங்கிடலாமா?" என்றாள்.

"ஈப்போ இன்னும் வரலியேம்மா."

வண்டி கிளம்பியது. அம்மா என்ன கேட்டாள் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது. புரிந்த அன்றைக்கு என் பிள்ளையைக் குளத்துப் பக்கமே விடவில்லை.

அப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். புதுச் சட்டை. கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளக்கூட நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் பக்கத்தில், அவரைக் கூட்டிப்போன ஜொகூர் கங்காணி நின்றிருந்தார். "வா புள்ள, கையக் காட்டு" என்றார். நீட்டினேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், தோளில் கை வைத்து உயரம் பார்த்தார். "ஆகும்" என்று அப்பாவிடம் சொன்னார். என்னிடம் அவர் வேறு எதுவும் பேசவில்லை.

உள்ளே துரை மனுவை எடுத்து வைத்துக்கொண்டார். தமிழர் கேட்டார். "இது உன் கைநாட்டுதானே?"

"ஆமாங்க."

"இந்தப் புள்ளைங்கள வச்சுக் காப்பாத்த முடியலன்னு நீ சொன்னது உண்மதானே?"

"அது அந்த அய்யா எழுதுனதுங்க. எங்க பக்கம் அப்படித்தான் கேக்கறது வழக்கம்."

தமிழர் மாற்றிச் சொன்னார். துரை புருவத்தைத் தூக்கினார். பொய் மனுவா என்று கேட்கிறார் என்றார் தமிழர். பொய் என்று சொன்னால் குற்றம், மெய் என்று சொன்னால் நான் போயாக வேண்டும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "எம் புள்ளைய நான் ராசாத்தி மாதிரி வச்சுக்குவேன் தொரை" என்றார். துரைக்கு அது பிடித்திருந்தது போலும். சாயங்கால ரயிலில் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லி, பேனாவை எடுத்து மையில் தொட்டார்.

அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தொரைகிட்டச் சொல்லுங்க. இந்தப் புள்ள அவருக்குப் பொறக்கல."

தமிழர் மாற்றிச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, "என்னம்மா பேசுற? யோசிச்சுச் சொல்லு. எழுதினா எழுதினதுதான்" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். அவருக்குப் பொறக்கல."

"இடுப்புல இருக்கறது?"

அம்மா தங்கச்சியைப் பார்த்தாள். அதுவும் ஒரு நாள் பத்து வயதாகும், அதற்கும் கை நீட்டச் சொல்ல ஓர் ஆள் வருவார். "அதுவுந்தான்" என்றாள்.

அவர் மாற்றிச் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்தார். ஜொகூர் கங்காணி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஓர் ஆண்பிள்ளையை நாலு பேர் முன்னால் அப்படிப் பார்த்துவிட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்ப எனக்கு எதுக்கு இந்தச் சனியன்?" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். வாசலில் துப்பினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

பிள்ளைக்குத் தகப்பன் அல்லாதவரிடம் சோறு கேட்க முடியாது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வரும்போது லகாட்டில் அம்மா வெளியே பார்க்கவில்லை. மடியில் தங்கச்சியையும் தோளில் என் தலையையும் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அந்தப் பேச்சு எங்களுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஜொகூர் கங்காணியும் எங்கள் கங்காணியும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரு வாரத்தில் லயம் முழுக்க அதைத்தான் மென்றார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மா கொண்டுபோன தேங்காய்த் தட்டு, உடைக்காமலே திரும்பி வந்தது. குழாயடியில் அவள் குடத்தைக் காலால் தள்ளி ஓரம் வைப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் பேச்சை நிறுத்திக்கொண்டார். "புருஷன் ஓடிப்போனது ஞாயந்தான்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னது கேட்டது. அம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. "யாருக்காம் இந்தப் பொட்டு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவள் தன் வேலையைப் பார்ப்பாள்.

நானும் நம்பிவிட்டேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பாவம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் பெரட்டில் வரிசையாக நிற்பார்கள். ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். இவர் மூக்கா என் மூக்கு, அவர் நெற்றியா என் நெற்றி என்று தேடுவேன். யாராவது சும்மா என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட உடம்பு கூசும். அம்மாவிடம் கேட்க நாக்கு வரை வரும், கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று விழுங்கிவிடுவேன். கோபம் வந்தால் மட்டும், "உன்னாலதான் எனக்கு அப்பன் இல்ல" என்று கத்துவேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.

ஆறு வருஷம் இப்படிப் போனது. நானும் மரம் வெட்டத் தொடங்கியிருந்தேன். சிலிம் ரிவரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள், விசாரித்துவிட்டு அடுத்த வாரம் வரவில்லை. ஒரு மத்தியானம் வேலை முடிந்து குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், பக்கத்து வீட்டு அக்காவும் இருந்தார். அம்மா எங்கள் கங்காணியின் வீட்டிலிருந்து நேரே நடந்து வந்தாள், தங்கச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு. நெற்றியில் பொட்டு இல்லை. கையில் வளையல் இல்லை. மணிக்கட்டில் கண்ணாடி கிழித்த கீறல். எல்லோரும் வழிவிட்டார்கள்.

அங்கே கிடந்த ஒரு வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். நிரம்பும்வரை நின்றாள்.

"உக்காரு" என்றாள் என்னிடம்.

"எதுக்கும்மா?"

"ஜொகூர்ல இருந்து கடுதாசி வந்திருக்கு. உங்கப்பா காச்சல்ல போயிட்டாரு. உனக்கும் தங்கச்சிக்கும் தீட்டு. தலைக்கு ஊத்திக்கணும்."

பெற்றவன் செத்தால்தான் பிள்ளைக்குத் தீட்டு. அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா ஆறு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு ஈப்போவுல வேற மாதிரி சொன்னியே, புள்ள?"

"அன்னிக்கு எனக்குப் புள்ளைங்க வேண்டியிருந்துச்சுக்கா" என்றாள் அம்மா.

நான் உட்கார்ந்தேன். அம்மா என் தலையில் மூன்று வாளி ஊற்றினாள், பிறகு தங்கச்சிக்கு ஊற்றினாள். நான் அழுதேன், நிறுத்த முடியாமல் அழுதேன். அப்பனுக்காக எப்படி அழுகிறாள் பார் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.